மூன்று மா வயலில் இருபத்திரண்டு பேர்: ஒரு கோடைக்கால நட்புக் கால்பந்து ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஊர்ப்புறம். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. உளுந்து பிடுங்கி முடிந்த வயலில் பச்சைச் சட்டை ஒரு பக்கம், வெள்ளைச் சட்டை மறுபக்கம். பச்சை, ஊரிலேயே இருப்பவர்கள். வெள்ளை, திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்த் திருவிழாவுக்குத் திரும்பியவர்கள். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள். தோற்றவர்கள் பரோட்டா வாங்கித் தருவதென்று பேச்சு. ஆட்டம் 62 நிமிடம் ஓடியது. ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு, இருவருக்குக் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, கடைசியில் 'கோலா இல்லையா' என்ற சண்டை. தீர்ப்பு கிடைப்பதற்குள் இருட்டிவிட்டது.

ஊர்ப்பெயர், ஆள்பெயர் தெரியாதபடி, டெல்டாவின் கோடை ஆட்டங்களில் வழக்கமாக நேர்வதை ஒரே மாலைக்குள் அடக்கிக் கட்டிய நிகழ்வு இது. இதில் உள்ள ஒவ்வொரு பிழையும் ஏதாவது ஒரு திடலில் வருடந்தோறும் நடப்பதுதான்.

சுளுக்குக்கு வயல் வெடிப்பைக் குறை சொன்னார்கள், சண்டைக்குக் கோலின் குறுக்கே கட்டிய கயிற்றைக் குறை சொன்னார்கள், நின்றுபோனதற்கு இருட்டைக் குறை சொன்னார்கள். நிமிடவாரியாகப் பிரித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: 'பக்கத்துக்குப் பதினொரு பேர் இருந்தால்தான் ஆட்டம்' என்ற பிடிவாதம்.

நேரக் கணக்கு

4.00 மணிக்கு வரச் சொல்லி, 4.30க்குத் தொடங்குவதாகத் திட்டம். 4.20க்கு 14 பேர் வந்துவிட்டார்கள். அந்த நிமிடமே பக்கத்துக்கு ஏழு பேராக ஒரு முழு ஆட்டம் தொடங்கியிருக்கலாம். "இருடா மாப்ள, இன்னும் எட்டுப் பேர் வந்துகிட்டு இருக்கானுங்க" என்று காத்திருந்தார்கள். 4.50க்கு 19 பேர். இருபத்திரண்டாவது ஆள் வண்டியை வரப்போரம் நிறுத்தியபோது மணி 5.15. பந்து உருண்டது 5.20க்கு.

பாதிக்கு 45 நிமிடம் என்று பேசியிருந்ததால் முதல் பாதி முடிய 6.05, இடைவேளை போக மறுபாதி தொடங்க 6.15. மே மாத நடுவில் இந்தப் பக்கம் சூரியன் மறைவது சுமார் 6.30க்கு. அதற்குப் பின் வெளிச்சம் இருபது நிமிடம் தாங்கும். அதாவது மறுபாதி முழுதாக முடிய வாய்ப்பே இல்லாத நிலையில்தான் நடுவர் முதல் விசிலையே ஊதினார். 6.22க்குச் சுளுக்கு விழுந்து எட்டு நிமிடம் ஆட்டம் நின்றது. 6.40க்குச் சர்ச்சைக் கோல். 6.50க்கு எதிரே இருப்பவர் சட்டை பச்சையா வெள்ளையா என்றே தெரியவில்லை.

விளக்கில்லாத திடலில் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பு, அதாவது 6.15க்கு, கடைசி விசில். அதிலிருந்து பாதிக்கு 35 நிமிடம், இடைவேளை 10 நிமிடம், காயத்துக்கும் தண்ணீருக்கும் 10 நிமிடம் என்று கழித்தால் 4.45க்குப் பந்து உருண்டாக வேண்டும். 4.45க்கு எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரை வைத்துத் தொடங்க வேண்டியது. பிந்தி வருகிறவர் மாற்று ஆட்டக்காரர்.

வயலின் அளவு

கேட்டு வாங்கிய வயல் 3 மா, அதாவது ஒரு ஏக்கர். சுமாராக 80 மீட்டருக்கு 50 மீட்டர். நான்கு பக்கமும் வரப்பு. ஓடிவரும் வேகத்தில் வரப்பில் கால் பட்டால் முன்பல் போகும் என்பதால் பக்கத்துக்கு 3 மீட்டர் விட்டே கோடு போட வேண்டும். மிஞ்சுவது 74-க்கு 44 மீட்டர்.

பெரிய ஆட்டங்களுக்குப் பரவலாக இருக்கும் 105-க்கு 68 மீட்டர் திடலுக்கு ஐந்தே கால் மா நிலம் வேண்டும். அதில் 22 பேர் ஆடினால் ஆளுக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் கிடைக்கும். இந்த வயலில் கிடைத்தது 148. பாதிகூட இல்லை. பந்து காலுக்கு வந்தவுடன் இரண்டு பேர் மேலே விழுவார்கள், பாஸ் கொடுக்கத் திறந்த ஆள் கிடைக்க மாட்டார், பந்தைத் தூக்கி அடிப்பதொன்றே வழி. முதல் பாதி முழுக்க அப்படித்தான் போனது. தூக்கி அடித்த பந்துக்கு இரண்டு தலை மோதும், இறங்கும் கால் எங்கே இறங்குகிறதென்று யாரும் பார்ப்பதில்லை. சுளுக்கு வந்ததும் ஒரு ஹெட்டருக்கு எழும்பி இறங்கும்போதுதான். அதே வயலில் பக்கத்துக்கு எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 203 சதுர மீட்டர், ஏழு பேர் என்றால் 232. பந்து தரையில் ஓடும்.

இந்த அளவு வயலுக்கு எட்டுப் பேர்தான் சரி என்பது எங்கள் முடிவு. 14 பேர்தான் வந்தார்கள் என்றால் ஏழு. மீதிப் பேர் வெளியே இருப்பது இழப்பே இல்லை. மே மாத வெயிலில் மாற்றாள் இல்லாமல் ஆடுவதுதான் இழப்பு. இந்த ஆட்டத்தில் 22 பேரும் உள்ளே இருந்ததால், சுளுக்கு விழுந்தபின் பச்சை அணி பத்துப் பேரோடு ஆடியது. தசைப்பிடிப்பு வந்த இருவரும் வெளியேற வழியில்லாமல் நொண்டிக்கொண்டே நின்றார்கள்.

வெடிப்பு

டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே, நிற்கும் பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். ஆகையால் தை, மாசியில் வெறுமையாகத் தெரியும் வயல் வெறும் வயல் கிடையாது. அதில் இறங்கி ஆடினால் ஒருவருடைய வெள்ளாமையை மிதிக்கிறோம் என்று பொருள். உளுந்து எடுத்தபின், சித்திரையிலிருந்து அடுத்த தண்ணீர் வருகிற வரைதான் திடல் கிடைக்கும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது மரபு. குறுவைக்கு நாற்றங்கால் போடுகிறவர்கள் அதற்கும் முன்பே வயலைக் கேட்பார்கள். சித்திரை, வைகாசிக்குள் ஆடி முடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் களிமண் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறது. இரண்டு விரல், மூன்று விரல் அகல வெடிப்பில் பூட்ஸின் முன்பகுதி நுழைந்துவிடும். உடம்பு திரும்ப, பாதம் திரும்பாமல் நின்றுவிடும். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் விரிவது அப்போதுதான். வெடிப்பு போக அறுவடை இயந்திரம் போன தடம், நெல் தாளின் அடிக்கட்டை, ஆட்டுக்கிடை போட்ட வயலாக இருந்தால் கிடைக்கு ஊன்றிய முளைக்குழிகள். கிடை பிரிந்த வயலில் எரு நிறைய இருக்கும். உழவனுக்கு நல்லது, முழங்கால் சிராய்ப்புக்கு நல்லதல்ல.

வெடிப்பை அடைக்கத் தண்ணீர் ஊற்றுவது தவறு. எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மேற்பரப்பு மட்டும் வழுக்கும். ரோட்டவேட்டர் ஓட்டினால் மண் பொலபொலவென்று கணுக்கால் ஆழத்துக்கு ஆகிவிடும், பந்து உருளாது. செய்ய வேண்டியது எளிது: வயலிலேயே கிடக்கும் கட்டிகளை மண்வெட்டியின் பின்புறத்தால் உடைத்து, அந்தப் பொடியை வெடிப்புக்குள் தள்ளி, காலால் மிதித்து இறுக்கி, மேலே மண்ணைச் சமன்படுத்தும் பரம்புப் பலகையை இருமுறை இழுத்துவிட வேண்டும். நான்கு பேருக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடிக்கும். முழு வயலுக்கும் நேரமில்லை என்றால் இரண்டு கோல் முகப்பையும் நடுவட்டத்தையும் முதலில் பாருங்கள். குதிப்பும் திரும்பலும் அங்கேதான் அதிகம். இந்த ஆட்டத்துக்கு முன் ஒரு வெடிப்பும் அடைக்கப்படவில்லை. சுளுக்கு விழுந்த இடம் கோல் முகப்பிலிருந்து பத்து மீட்டர் தூரம்.

பூட்ஸ் விஷயத்திலும் கவனம் தேவை. நீளக் குமிழ் வைத்த பூட்ஸ் ஈரப்புல்லுக்கானது. காய்ந்த களிமண்ணில் குமிழ் இறங்காமல் ஆளைத் தூக்கி நிறுத்தும். குட்டைக் குமிழ் பூட்ஸோ தட்டை ரப்பர் அடியோ போதும். வெறுங்கால் ஆட்டம் நமக்குப் புதிதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். ஆனால் ஒரு பக்கம் பூட்ஸ், மறுபக்கம் வெறுங்கால் என்று கலந்து ஆடவே கூடாது. ஆட்ட விதியில் காலணியும் கணைக்கால் கவசமும் கட்டாயம். நட்பு ஆட்டத்திலும் குறைந்தபட்சம் கவசமாவது எல்லாருக்கும் இருக்கட்டும்.

கயிறும் ஒரு சாண் தொய்வும்

சண்டை மூண்டது இங்கே. பதினொரு பேர் ஆட்டம் என்றால் கோலும் முழு அளவாக இருக்க வேண்டும் என்று 24 அடி அகலம், 8 அடி உயரத்துக்கு மூங்கில் நட்டார்கள். குறுக்கே வைக்க 24 அடிக்கு நேரான மூங்கில் கிடைக்கவில்லை. தேங்காய்நார்க் கயிறு கட்டினார்கள். வலை இல்லை.

24 அடி தூரத்துக்குக் கையால் இழுத்துக் கட்டிய கயிறு நடுவில் ஒரு சாண் தொய்ந்து நிற்கும். ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், குறுக்களவு 22 சென்டிமீட்டர். அதுவும் ஏறத்தாழ ஒரு சாண்தான். ஆக, கயிறு இருக்க வேண்டிய உயரத்துக்கும் இருந்த உயரத்துக்கும் நடுவே ஒரு முழுப் பந்து புகுந்து போகும். 6.40க்கு பச்சை அணியின் ஃபார்வர்டு அடித்த பந்து சரியாக அந்த இடைவெளியில் போனது. "அண்ணே, கயித்துக்கு மேல போச்சு" என்றது வெள்ளை. "கயிறு தொங்குனா நாங்க என்ன பண்றது, எட்டடிக்குள்ளதானே போச்சு" என்றது பச்சை. இருவர் சொன்னதும் உண்மை. நடுவர் நடுவட்டத்தில் நின்றிருந்தார். பந்து வாய்க்காலுக்குள் போய்விட்டது. கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதுவரை 2-2. பரோட்டாவுக்கு யார் காசு என்பது அந்த ஒரு சாணில் தொங்கியது.

குறுக்குச் சட்டத்துக்குப் பதிலாகக் கயிறு கட்டக்கூடாது என்பது ஆட்ட விதியே. எட்டுப் பேர் ஆட்டத்துக்கு 16 அடி அகலம், 7 அடி உயரம் போதும். இந்த அளவுக்கு வேண்டிய மூங்கில் எங்கும் கிடைக்கும். ஒரு கோலுக்கு 9 அடி மூங்கில் இரண்டு, 18 அடி மூங்கில் ஒன்று. நேராகவும் பச்சையாகவும் உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். உலர்ந்து கீறல் விட்டது பந்து பட்டால் பிளக்கும், பிளவு கையைக் கிழிக்கும். கம்பங்களை 2 அடி ஆழத்துக்கு ஊன்ற வேண்டும். கோடைக் களிமண்ணில் கடப்பாரை துள்ளும், ஆகவே முந்தின இரவே குழி இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கம்பம் நட்டபின் செங்கல் துண்டும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். 18 அடி மூங்கிலைப் பக்கத்துக்கு ஒரு அடி வெளியே நீட்டி, கம்பத்தோடு பெருக்கல் குறியாக நைலான் கயிற்றில் கட்டுங்கள். சணல் கயிறு வெயிலில் தளரும். கட்டியபின் யாரும் அதில் தொங்கக் கூடாது. கோல் சட்டம் சாய்ந்து உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் உண்டு.

வலை கட்டாயம். நாகப்பட்டினம் பக்கம் கழித்த மீன்வலை கிடைக்கும். இரண்டு கோலுக்கும் ஒரு வலையை வெட்டிக்கொள்ளலாம். பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி முளையடித்து, தரையோரம் இடைவெளி விடாமல் குத்தி வைக்க வேண்டும். பந்து வலைக்குள் கிடக்கிறதா, வெளியே கிடக்கிறதா என்று பார்த்தால் தீர்ப்பு முடிந்தது. நடுவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கோடு

இந்த ஆட்டத்தில் கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வாங்கியிருந்தார்கள். கண்ணில் பட்டால் கண்ணையே புண்ணாக்கும், வியர்வைக் காலில் எரியும். அதற்குப் பதில் வயலுக்குப் போடும் ஜிப்சம் தூளைப் போடலாம். சற்று மங்கலாகத் தெரிந்தாலும் மண்ணுக்குக் கெடுதல் இல்லை. 74-க்கு 44 திடலுக்கு வெளிக்கோடு 236 மீட்டர், நடுக்கோடு 44, பெட்டிகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 350 மீட்டர். நான்கு விரல் அகலத்தில் மெல்லியதாகத் தூவினால் 25, 30 கிலோ செலவாகும். மூலை சதுரமாக வர 24 மீட்டர் கயிற்றில் 6, 8, 10 மீட்டர் என்று முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் போதும். கண்பார்வையில் போட்ட மூலை 74 மீட்டர் போவதற்குள் பல மீட்டர் கோணிவிடும். பெனால்டி புள்ளி முழுத் திடலில் 11 மீட்டர், இங்கே 8 மீட்டர் வைத்துக்கொள்ளலாம்.

பந்து

விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. கெட்டியான வயலுக்குக் கீழ்எல்லையிலேயே, 9 பிஎஸ்ஐ அளவில் நிறுத்துவது நல்லது. மேலே போனால் ஒவ்வொரு துள்ளலும் இடுப்புக்கு மேல் எழும், பதினொரு பேர் நெரிசலில் அது இன்னொரு தலைமோதல். காலையில் 28 டிகிரியில் 9 பிஎஸ்ஐ அடைத்த பந்தை வண்டி மேல் வெயிலில் வைத்து 50 டிகிரிக்குச் சூடேற விட்டால் அழுத்தம் பத்தரைக்கு மேல் ஏறியிருக்கும். நிழலில் வைத்து, ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு அளந்து பாருங்கள். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். வாய்க்கால் கரையில் சீமைக்கருவேல் இருந்தால் இரண்டாவது பந்து இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

வெயிலும் காற்றும்

இந்த வயல் கிழக்கு மேற்காக நீண்டது. மாலை ஆட்டத்துக்கு வடக்கு தெற்காக நீண்ட வயல்தான் நல்லது. கிழக்குக் கோலில் நிற்கும் கீப்பருக்கு மேற்குச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். முதல் பாதியில் சூரியன் சற்று உயரத்தில் இருக்கும், நெற்றியில் கை வைத்துச் சமாளிக்கலாம். மறுபாதியில் அது வரப்பு மட்டத்துக்கு இறங்கி, வரும் பந்தையே மறைக்கும். ஆகவே நாணயம் சுண்டி வென்றவர் முதல் பாதியில் கிழக்குக் கோலைக் காத்துவிட்டு, மறுபாதியில் மேற்குக்குப் போவதே கெட்டிக்காரத்தனம். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வந்துவிட்டால் கிழக்கில் நிற்கும் அணிக்குக் காற்று முதுகில் இருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மேற்கில் வெயில் தணிந்த கண், கிழக்கில் பின்காற்று. எது பெரிது என்பதை அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பச்சை அணித் தலைவர் டாஸ் வென்று பந்தை எடுத்துக்கொண்டார். கோலைத் தேர்ந்த வெள்ளை, முதல் பாதியில் வாங்கவிருந்த தொல்லையை மறுபாதிக்குத் தள்ளிவிட்டது. ஆகக் கெட்ட வெயிலில் கிழக்கே நின்றது அவர்களுடைய கீப்பர்தான்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டர். 20 பேருக்கு 50 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. இங்கே ஒரே கேன் இருந்தது, இடைவேளையில் காலி. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்க விசில் ஊதி நிறுத்த வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர், அல்லது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தசைப்பிடிப்பு வந்தவரை உட்காரவைத்து, காலை நீட்டி, பாதத்தை முழந்தாள் பக்கம் மெல்ல மடக்கிப் பிடித்தால் விடும். ஒருவர் பேச்சு குழறினால், வாந்தி எடுத்தால், நடை தள்ளாடினால் அது வேறு. நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

சுளுக்குக்கு அங்கே செய்த முதல் காரியம் எண்ணெய் தேய்த்து உருவியது. வீக்கம் இரட்டிப்பானது. முதல் இரண்டு நாள் உருவவும் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. மீன் கடை ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை இடுப்புக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். நான்கு காலடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே அவசியம். சிராய்ப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி பழசாகிவிட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். எரு மண் சிராய்ப்பு விளையாட்டில்லை.

அணி பிரிப்பு

ஊர்க்காரர் ஒரு பக்கம், வெளியூர்க்காரர் மறுபக்கம் என்பது பேச்சுக்குச் சுவை. ஆட்டத்துக்குக் கேடு. கிளப்பில் ஆடுகிறவரும் பத்து வருடம் பந்தைத் தொடாதவரும் ஒரே அளவில் கலந்தால்தான் ஆட்டம் கடைசி வரை இழுபறியாக இருக்கும். இதற்குப் புது முறை எதுவும் வேண்டாம், சின்ன வயதில் பிரித்த உத்திதான். ஆட்டத்தில் ஒரே தரமுள்ள இருவர் தோள்மேல் கைபோட்டுத் தள்ளிப்போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, "செங்கழுநீர் வேணுமா, தாமரை வேணுமா" என்று தலைவர்களைக் கேட்பது. யார் எந்தப் பெயர் என்று தெரியாமல் தேர்வதால் தரம் தானாகச் சமன்படும், மனக்குறையும் இல்லை. கோல்கீப்பர்கள் இருவரையும் முதல் சோடியாக அனுப்புங்கள். மீதியான ஒருவர் விசில் எடுக்கட்டும்.

விசிலுக்கு முன் இரு தலைவர்களும் நடுவரிடம் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கோட்டு நடுவர் இல்லாத சின்னத் திடலில் ஆஃப்சைடு கிடையாது. முதல் பாதியில் இரண்டு தகராறு இதில்தான் வந்தது. சறுக்கித் தடுப்பது கிடையாது, தோல் உரியும். மாற்றாள் எத்தனை முறையும் வரலாம், ஆனால் நடுக்கோட்டு ஓரத்தில் ஒருவர் வெளியே வந்தபின்தான் மற்றவர் உள்ளே. இருட்டினால் என்ன கணக்கு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்: 6.15க்கு என்ன கோல் கணக்கோ அதுதான் முடிவு, சமமென்றால் பரோட்டாக் காசு பாதிப் பாதி.

ஆட்டம் முடிந்ததும் மூங்கிலைப் பிடுங்கி, குழிகளிலிருந்து செங்கல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தபின் மண் போட்டு மூடுங்கள். ஒரு துண்டு விட்டுப்போனாலும் கோடை உழவில் கலப்பைக் கொழுவில் மாட்டும். தண்ணீர்ப் பாக்கெட், ஐஸ் சுற்றிய பிளாஸ்டிக், வலைத் துணுக்கு எதுவும் வயலில் கிடக்கக் கூடாது, மாடு மேயும். வயல்காரரிடம் போய் "முடிச்சுட்டோம் மாமா, ஒருதடவை வந்து பாத்துடுங்க" என்று சொல்லி, அவர் வரப்பில் நடந்து பார்த்துத் தலையசைத்தபின் வண்டியை எடுக்கலாம்.